ஒருவர் ஊதினால் தொல்லை, நால்வர் ஊதினால் கச்சேரி

ஐரோப்பாவின் மிகப் பழைய ரெக்கார்டர்கள் கிடைத்த இடங்களை வரிசையாகச் சொன்னால் சங்கீதப் பிரியர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் 1987இல் ஒன்று கிடைத்தது, கக்கூஸ் குழியில். எஸ்டோனியாவின் தார்த்து நகரில் 2005இல் இன்னொன்று. அதுவும் கக்கூஸ் குழிதான். நெதர்லாந்தில் டோர்ட்ரெக்ட் அருகே 1940இல் ஒன்று கோட்டை அகழியில் கிடைத்தது. அது கௌரவமான இடமாயிற்றே என்று அவசரப்பட வேண்டாம். அந்தக் காலத்துக் கோட்டைக் கழிப்பறைகள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்த இடம் அகழிதான்.

மூன்றும் பதினான்காம் நூற்றாண்டுச் சரக்கு. ஈரச் சேற்றுக்குள் காற்றுப் படாமல் கிடந்ததால் மரம் மக்கவில்லை என்று தொல்லியல்காரர்கள் விளக்குகிறார்கள். எப்படி வெளியே வந்தது என்பதற்கு விளக்கம் இருக்கிறது. எப்படி உள்ளே போனது என்பதற்கு இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள்மீது எனக்குப் பலத்த சந்தேகம்.

கேசட் போடுகிற ரெக்கார்டரைக் குழிக்குள் தேடுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. இது வாயில் நேராக வைத்து ஊதும் மரக்குழல். முன்னால் ஏழு துளை, பின்னால் கட்டைவிரலுக்கு ஒன்று. நம்முடைய புல்லாங்குழலில் முதல் சத்தம் வருவதற்குள் சீடனுக்கு உதடு கோணி, தலை சுற்றி, குருவின்மேல் சந்தேகமே வந்துவிடும். காற்றை எந்தக் கோணத்தில் விளிம்பில் மோதவிடுவது என்பதை அங்கே உதடு கற்றுக்கொள்ள வேண்டும். ரெக்கார்டரில் அந்த வேலையைத் தச்சரே முடித்துவிட்டார். வாய்ப்பக்கத்தில் ஒரு கட்டையை அடைத்து, நடுவில் மெல்லிய பாதை விட்டு, காற்று நேராகக் கூர்விளிம்பில் போய் விழும்படி செய்துவைத்திருக்கிறார். ஊதினால் சத்தம் வந்தே தீரும். மூன்று வயதுக் குழந்தை ஊதினாலும் வரும், தும்மினாலும் வரும்.

இந்த வாத்தியத்தின் வரம் அதுதான். அறுநூறு வருஷமாக அதைத் தொடரும் சனியனும் அதுதான்.

ஆறு மனைவி, 76 குழல்

இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி ஆறு பேரைக் கட்டிக்கொண்டது ஊரறிந்த சங்கதி. 1547இல் அவர் கண்ணை மூடியதும் அரண்மனைச் சாமான்களைக் கணக்கெடுத்தார்கள். அதில் ரெக்கார்டர் மட்டும் 76. பக்கவாட்டில் பிடித்து ஊதும் குழல்கள் 72. மனைவிகளைக் கழித்துக்கட்டுவதில் காட்டிய சுறுசுறுப்பை மன்னர் குழல்கள் விஷயத்தில் காட்டவில்லை என்று தெரிகிறது. வாலிபத்தில் அவருடைய பொழுதுபோக்குகளில் வில், மல்யுத்தம், நடனம் இவற்றோடு ரெக்கார்டரும் இருந்ததாக எட்வர்ட் ஹால் என்ற வரலாற்றுக்காரர் எழுதிவைத்திருக்கிறார். ஊதினது சுருதியில் இருந்ததா என்று எழுதவில்லை. தன் தலைமேல் பிரியம் உள்ள எந்த விமர்சகரும் எழுதமாட்டார்.

ஒரு ராஜாவுக்கு ஒரு வாய்தானே, எதற்கு 76? அந்தக் காலத்தில் ரெக்கார்டரை ஒற்றையாக வாங்குவது பணக்காரர்களுக்கு அழகில்லை. ஜமாவாக வாங்குவார்கள். விரல் நீளக் கீச்சுக்குழல் தொடங்கி ஆள் உயர மந்தரம் வரை ஒரே பட்டறையில், ஒரே சுருதிக்குக் கடைந்து, ஒரே பெட்டியில் அடுக்கித் தருவார்கள். ஊருக்கு ஊர் சுருதி வேறாக இருந்த காலம். வேறு வேறு பட்டறைக் குழல்களைச் சேர்த்து ஊதினால் கச்சேரி கைகலப்பில்தான் முடியும். மிகாயேல் பிரேட்டோரியஸ் என்ற ஜெர்மானியர் 1619இல் எட்டு அளவுகளைப் பட்டியல் போட்டு, 21 குழல் கொண்ட முழு செட் வெனிஸில் சுமார் 80 தாலருக்குக் கிடைக்கும் என்று விலாசமும் விலையும் சேர்த்தே எழுதிவிட்டார்.

பெட்டி வந்தால் போதுமா, ஊத ஆள் வேண்டாமா? அதற்கும் வெனிஸ்தான். 1539–40 வாக்கில் பஸ்ஸானோ சகோதரர்கள் ஐந்து பேரை லண்டனுக்குத் தருவித்தார்கள். குழல் செய்யவும் தெரியும், ஊதவும் தெரியும், பாட்டு எழுதவும் தெரியும். தங்க இடம்? ஹென்றி அப்போதுதான் நாட்டிலுள்ள மடங்களையெல்லாம் கலைத்துச் சொத்தைச் சுருட்டியிருந்தார். லண்டன் சார்ட்டர்ஹவுஸ் மடம் காலியாகக் கிடந்தது. அங்கிருந்த கார்த்தூசியன் துறவிகள் மௌன விரதக்காரர்கள். திருச்சபைக்கு ராஜாதான் தலைவர் என்பதை ஒப்புக்கொள்ளாததால் பலர் உயிரை விட்டார்கள். பேசாமல் இருந்தவர்களை அனுப்பிவிட்டு, அதே அறைகளில் ஐந்து இத்தாலியர்களைக் குடிவைத்து ஊதச் சொன்னார் மன்னர். வாஸ்து மாற்றம் என்றால் இது.

அந்த ஜமா கில்லாடி ஜமா. 1540இல் தொடங்கி 1630 வரை அரண்மனை ரெக்கார்டர் கோஷ்டி கலையவே இல்லை. ஒன்பது நாள் ராணி ஜேன் கிரேயைக் கணக்கில் சேர்க்காமலே ஆறு ஆட்சிகளைப் பார்த்துவிட்டது. நாடு ஒரு தடவை போப்பாண்டவரைத் துரத்தியது, மறு தடவை கூப்பிட்டது, மறுபடி துரத்தியது. மந்திரிகள் தலையைப் பறிகொடுத்தார்கள். பஸ்ஸானோ வம்சம் மட்டும் சம்பளம் வாங்கி ஊதிக்கொண்டே இருந்தது. அரசியலில் நீடிக்க வேண்டுமென்றால் வாயில் ஏதாவது வைத்துக்கொண்டிருப்பது உத்தமம்.

ஜமா என்றால் ஏன் இத்தனை மவுசு? ரெக்கார்டரில் கொஞ்சம் அழுத்தி ஊதினால் சத்தம் கூடுவதற்கு முன்னால் சுருதி ஏறிவிடும். மெதுவாக ஊதினால் சுருதி இறங்கிவிடும். தனியாக ஊதுகிறவர் இந்தக் குறையைக் கண்ணை மூடிக்கொண்டு, பாவத்தில் மூழ்கியதுபோல் நடித்துச் சமாளித்துவிடலாம். நாலு பேர் சேர்ந்து ஒரு ஸ்வரக்கூட்டை நீட்டிப் பிடிக்கும்போது எந்த நடிப்பும் எடுபடாது. ஒருவர் மூச்சு ஒரு மயிரிழை கூடினாலும் காதுக்குள் வண்டு புகுந்தமாதிரி ரீங்காரம் கிளம்பும். சரியாகச் சேர்ந்துவிட்டால், இரண்டு கீச்சுக்குழல்களுக்கு இடையில் யாரும் ஊதாத மூன்றாவது ஸ்வரம் ஒன்று அடியில் முரலும். ஒருவருக்கு இது விளையாட்டுச் சாமான். நால்வருக்கு இது அக்னிப் பரீட்சை. இந்த ஒரு விஷயத்தை உலகம் அடிக்கடி மறந்துபோனதுதான் மீதிக் கதை.

இளவரசர் நக்கலும் குமாஸ்தா மயக்கமும்

முதலில் மறந்தவர் ஷேக்ஸ்பியர். 1600 வாக்கில் எழுதிய ஹாம்லெட்டில், தன்னை வேவு பார்க்க வந்த கில்டன்ஸ்டர்னிடம் இளவரசர் ஒரு ரெக்கார்டரை நீட்டி ஊதச் சொல்கிறார். தெரியாது என்று அவன் கெஞ்சக் கெஞ்ச, விரலை இங்கே வை, வாயால் காற்றை விடு, உன் வழக்கமான புளுகு வேலையைவிடக் கஷ்டமில்லை என்கிற தோரணையில் வகுப்பெடுக்கிறார். ஒரு குழலையே வசப்படுத்தத் தெரியாதவன் என்னை வசப்படுத்தப் பார்க்கிறாயா என்று குட்டவும் செய்கிறார். குட்டு வாங்கினது கில்டன்ஸ்டர்ன்; மானம் போனது ரெக்கார்டருக்கு. லேசான வாத்தியம் என்ற முத்திரையை டென்மார்க் இளவரசரே குத்திவிட்டார்.

அடுத்தவர் சாமுவேல் பீப்ஸ், கடற்படை அலுவலக அதிகாரி, நாட்குறிப்புச் சிகாமணி. 1668 பிப்ரவரி 27 அன்று மனைவியோடு நாடகம் பார்க்கப் போனார். மேடையில் தேவதை இறங்கும்போது குழல்கள் சேர்ந்து ஒலித்தன. மனிதர் கிறங்கிப்போனார். மனைவியைக் காதலித்த நாட்களில் வந்த அதே மயக்கம் என்று அன்றிரவு எழுதிவைத்தார். அந்த மயக்கம் மனைவியால் வரவில்லையே, குழலால் வந்ததே என்பதை அம்மையார் எப்படி எடுத்துக்கொண்டார் என்ற குறிப்பு இல்லை. அதோடு விட்டாரா? தானும் குழல் கற்பது, மனைவியையும் கற்க வைப்பது என்று தீர்மானம் வேறு. ஏப்ரல் 8ஆம் தேதி கடைக்குப் போய் ஒரு ரெக்கார்டர் வாங்கினார். கவனியுங்கள்: மயங்கியது கூட்டத்தைக் கேட்டு, வாங்கியது ஒற்றையாக. பின்னால் கோடிக்கணக்கான பெற்றோர் செய்யப்போகும் தவறுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் அவர்தான்.

தனியாக ஊதியும் ஜெயித்த ஒரு மகானுபாவர் உண்டு, ஒப்புக்கொள்ள வேண்டும். யூட்ரெக்ட் நகரத்து யாக்கோப் ஃபான் எய்க். பிறவியிலேயே பார்வை இல்லை. தேவாலயக் கோபுர மணிகளை வாசிப்பது உத்தியோகம். மணியின் நாதத்துக்குள் ஒளிந்திருக்கும் உபநாதங்களைப் பிரித்துக் காட்டியதால் தத்துவமேதை தெகார்த் வரை இவர் பேர் போயிற்று. சாயங்காலங்களில் தேவாலயத் தோட்டத்தில் உலாவ வருகிறவர்களுக்குக் குழல் ஊத வேண்டும் என்ற நிபந்தனையோடு 1649இல் இவர் சம்பளத்தை 80 கில்டரிலிருந்து 100 ஆக உயர்த்தினார்கள். ஊதாமல் இருக்கப் பணம் கொடுக்கிற உலகத்தில் ஊதுவதற்கு இன்கிரிமென்ட் வாங்கிய அபூர்வப் பிறவி. அவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிய தொகுப்பில் ஏறத்தாழ 150 உருப்படிகள். பலவற்றில் ஒரு சாதாரணத் தெருப்பாட்டை எடுத்து, இரண்டாம் காலம் மூன்றாம் காலம் என்று அவர் சங்கதி போடுவதைப் பார்த்தால், இது லேசு என்று சொன்ன இளவரசரைக் கூப்பிட்டு உட்காரவைக்கத் தோன்றும்.

பறவைக்கு டியூஷன்

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் ரெக்கார்டருக்கும் பறவைக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம். 1711இல் இசையமைப்பாளர் ஹேண்டல் தன் ரினால்டோ இசைநாடகத்தில் தோட்டக் காட்சிக்குக் குழல்களை ஊதவிட, அரங்கக்காரர்கள் கூடவே நிஜக் குருவிகளைப் பறக்கவிட்டார்கள். பத்திரிகையாளர் ஜோசப் அடிசன் விழுந்து விழுந்து கேலி செய்தார். குருவிகள் காட்சி முடிந்தும் வெளியேறாமல் வேறு நாடகங்களில் ஒரு சீமாட்டியின் படுக்கையறையிலும் ராஜாவின் சிம்மாசனத்திலும் வந்து உட்காரும், ரசிகர்களின் தலைமீது வேறு அபிஷேகம் நடக்கும் என்பது அவர் கவலை.

1717இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கூண்டுப் பறவைகளுக்குப் பாட்டுக் கற்பிக்க ஒரு புத்தகமே அச்சானது. புல்ஃபிஞ்சுக்கு இன்ன பாட்டு, கானரிக்கு இன்ன பாட்டு, கிளிக்கு இன்ன பாட்டு. கிழக்கிந்திய நைட்டிங்கேல் என்றொரு வெளிநாட்டு மாணவருக்கும் தனிப் பாடம். எஜமானர் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து சின்னக் குழலில் அதே வரியைத் திரும்பத் திரும்ப ஊத வேண்டும். யார் யாரைக் கூண்டுக்குள் வைத்திருந்தார்கள் என்று பறவைகளிடம் கேட்டிருக்கலாம்.

அப்போது ஜெர்மனியில் பாக் என்பவர் இந்தக் குழலை மகா சோதனைக்கு உள்ளாக்கிக்கொண்டிருந்தார். 1721இல் ஒரு பிரபுவுக்கு அர்ப்பணித்த பிராண்டன்பர்க் தொகுப்பின் இரண்டாவது கச்சேரியில் டிரம்பெட், ஓபோ, வயலின் மூன்றுக்கும் சரிசமமாக ரெக்கார்டரை நிறுத்தினார். தவிலுக்குப் பக்கத்தில் முகர்சிங்கை உட்காரவைத்து, உன் பங்கை வாசி என்று சொன்ன கதை. டிரம்பெட்காரர் மனசு வைத்து அடக்கி வாசித்தால்தான் குழல்காரர் உயிரோடு இருப்பதே சபைக்குத் தெரியும்.

அரங்கங்கள் பெரிதாக ஆக, மனசு வைக்கிறவர்கள் குறைந்தார்கள். சுருதி கெடாமல் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் பக்கவாட்டுக் குழலால் முடியும், உதடு நம் வசம் இருப்பதால். ரெக்கார்டரால் முடியாது, தச்சர் எப்போதோ தீர்மானித்துவிட்டதால். பதினெட்டாம் நூற்றாண்டின் பின்பாதியில் அதை ஓரங்கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு வியன்னா சீமான்கள் கைத்தடிக்குள் இதேபோன்ற ஒரு குழலைப் பொருத்தி, நடக்கும்போது ஊன்றி, நின்றால் ஊதினார்கள். ராஜசபை வாத்தியத்தின் சித்தப்பா மகன் கடைசியில் பூங்காவில் நாய் விரட்டப் போனார்.

பிளாட்பாரத்தில் விட்ட பை

மறுபிறவிக்குக் காரணம் ஒரு ஞாபக மறதி. ஆர்னால்ட் டோல்மெச் பிரான்சில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். பழைய வாத்தியம் எதைக் கண்டாலும் வாங்குவார், பழுது பார்ப்பார், வாசிப்பார், மனைவி மக்களையும் வாசிக்கவைப்பார். 1905இல் பிரெஸ்ஸான் என்ற பழைய கைவினைஞர் செய்த ரெக்கார்டர் ஒன்று இவரிடம் வந்தது. 1919இல் லண்டன் கச்சேரி முடிந்து குடும்பம் வாட்டர்லூ ஸ்டேஷனில் ரயிலேறியது. மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே குழல் இருந்த பையைத் தூக்கிவரும் பொறுப்பு ஏழு வயது மகன் கார்லுக்கு. பையன் ஏறினான். பை ஏறவில்லை.

வேறு அப்பாவாக இருந்தால் முதுகில் தபேலா வாசித்திருப்பார். டோல்மெச் பட்டறைக்குள் நுழைந்தார். பழைய குழலின் அளவுகள் குறிப்பில் இருந்தன. கடைந்தார், எறிந்தார், மறுபடி கடைந்தார். வந்துவிட்டது புது ரெக்கார்டர். ஒன்று வந்ததும் மனிதருக்கு ஹென்றியின் வியாதி தொற்றிக்கொண்டது. சின்னது, பெரியது என்று குடும்பம் முழுவதையும் செய்து, 1926 ஹாசில்மியர் விழாவில் முழு ஜமாவையே மேடையேற்றினார். பையைத் தொலைத்த கார்ல் பின்னாளில் உலகறிந்த ரெக்கார்டர் வித்வான் ஆனார். பிள்ளைகளின் எதிர்காலம் குறித்துக் கவலைப்படும் பெற்றோர் அவர்களிடம் விலையுயர்ந்த சாமான்களைக் கொடுத்து ரயிலடிக்கு அனுப்பிப் பார்க்கலாம்.

அந்த விழாவுக்கு முந்தின வருஷமே, 1925இல், வந்திருந்த பீட்டர் ஹார்லான் என்ற ஜெர்மானியருக்குக் குழலில் ஒரு குறை தென்பட்டது. நாலாவது ஸ்வரத்துக்கு விரல்களை வரிசையாக வைக்காமல், நடுவில் ஒன்றைத் தூக்கி மற்றவற்றை மூட வேண்டியிருந்தது. பிஞ்சு விரல்களுக்குச் சிரமம் என்று துளைகளை மாற்றி அமைத்தார். நாலாவது ஸ்வரம் லேசாயிற்று. அதற்கு அடுத்த அரை ஸ்வரம் அபஸ்வரமாயிற்று. முதல் பாட்டு சுகம், மூன்றாவது பாட்டில் மூக்கு உடையும். ஆனால் முதல் பாட்டோடு நிறுத்திவிடுகிற பிள்ளைகளே அதிகம் என்பதால் அந்தக் குழல் ஜெர்மனி முழுக்க அமோகமாக விற்றது. இங்கிலாந்தில் எட்கர் ஹன்ட் முதலானோர் பள்ளிக்கூடங்களுக்கு ரெக்கார்டரைக் கொண்டுபோனார்கள். இரண்டாம் உலகப்போரை ஒட்டிப் பேகலைட்டில் வார்த்த குழல்கள் வந்தன. விலை மலிவு, கழுவலாம். கோட்டிங்கனில் செய்தமாதிரி குழியில் போட்டாலும் மக்காது.

பிறகு முப்பது பிள்ளைகள், முப்பது பிளாஸ்டிக் குழல், ஒரு டீச்சர். ஒவ்வொன்றும் தனிக்காட்டு ராஜா. காது என்ற உறுப்பைப் பயன்படுத்தாத ஜமாவை உலகம் முதன்முதலாகக் கேட்டது.

சிங்கக்குட்டிகள்

மானத்தை மீட்டவர்கள் டச்சுக்காரர்கள். 1960களில் ஃபிரான்ஸ் புருக்கன் என்ற நெட்டை மனிதர், 21 வயதிலேயே கன்சர்வேட்டரியில் பேராசிரியர் ஆனவர், மேடையில் ஒயிலாகச் சாய்ந்து உட்கார்ந்து ஊத, பெண்கள் கூட்டம் சினிமா நடிகரைப் பார்ப்பதுபோல் பார்த்தது. நவீன இசையமைப்பாளர்களும் வரிசையில் நின்றார்கள். 1966இல் லூச்சானோ பெரியோ இவருக்கென்று ஓர் உருப்படி எழுதினார். அதில் விரல்கள் ஒரு பாட்டுக்குப் போகும், வாய் வேறு பாட்டுக்குப் போகும். இரண்டும் எப்போதாவது சந்தித்தால் சத்தம் வரும். 1975இல் ஜப்பானிய இசையமைப்பாளர் மாகி இஷீ எழுதிய உருப்படியில் வித்வான் ஒரே வாயில் இரண்டு குழல் ஊதி, பிறகு அலறவும் வேண்டும். லேசான வாத்தியம் என்று சொன்னவர்களுக்குக் கிட்டத்தட்ட நானூறு வருஷம் கழித்துக் கொடுத்த பதில் என்று அந்த அலறலை எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் பழைய ஜமாவின் அக்னிப் பரீட்சையை மறுபடி எழுதி, முதல் வகுப்பில் தேறியவர்கள் நாலு மாணவர்கள். 1978இல் ஆம்ஸ்டர்டாம் கன்சர்வேட்டரியில் ஒன்றுசேர்ந்தார்கள். பழைய இசைக் கோஷ்டிகள் லத்தீனில் கம்பீரமாகப் பேர் வைத்துக்கொண்ட காலத்தில், டச்சு டெலிவிஷனில் விளம்பரங்களுக்கு நடுவே வந்துபோகும் அனிமேஷன் சிங்கக்குட்டி லூக்கியின் பேரைத் தங்களுக்குச் சூட்டிக்கொண்டார்கள். ஆம்ஸ்டர்டாம் லூக்கி ஸ்டார்டஸ்ட் குவார்ட்டெட். 1981இல் பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரில் பழைய இசைப் போட்டி. நடுவர்கள் பதினாறாம் நூற்றாண்டை எதிர்பார்த்துக் காதைத் தீட்டியிருக்க, பையன்கள் ஸ்டீவி வொண்டர் பாட்டை எடுத்துவிட்டார்கள். காஞ்சி மடத்துச் சதஸில் கானா பாடிய பரபரப்பு.

வெறும் குறும்பாக இருந்தால் அதோடு போயிருக்கும். நாலு பேர் மூச்சும் ஒரே நெஞ்சிலிருந்து வருகிறதோ என்று சந்தேகப்படும்படி ஊதினார்கள். பஸ்ஸானோ காலத்து உருப்படி, பாக், ஜாஸ், நேற்று எழுதிய புதுசு என்று ஒரே சாயங்காலத்தில் தாவினார்கள். மேடையில் குழல்கள் கடை விரித்ததுபோல் கிடக்கும். அவற்றில் சில குழல் மாதிரியே இருக்காது. 1970களில் பேட்சோல்ட் குடும்பத்தார் பிளைவுட்டில் செய்யத் தொடங்கிய சதுர மந்தரக் குழல்கள் அவை. பீரோ செய்ய ஆரம்பித்து நடுவில் மனசு மாறியமாதிரி ஒரு தோற்றம். ஊதினால் வயிற்றுக்குள் அதிரும்.

இன்று இப்படிப்பட்ட கோஷ்டிகள் ஐரோப்பா முழுக்க உண்டு. கச்சேரிக்குப் போனால் முன்வரிசையில் உட்காருங்கள். குளிர்ந்த குழலுக்குள் மூச்சின் ஈரம் படிந்து பாதை அடைத்துக்கொள்ளும் என்பதால், கோட்டு சூட்டு போட்ட வித்வான்கள் அடுத்த உருப்படிக்கான குழலின் தலைப்பாகத்தை அக்குளில் இடுக்கிச் சூடாக்கிக்கொண்டிருப்பார்கள். ஸ்வரம் அடைத்துக்கொண்டால் சர்ரென்று உள்ளே உறிஞ்சுவார்கள். பிறகு நால்வரும் புருவத்தைத் தூக்கி ஒரே நொடியில் மூச்செடுப்பார்கள். தாளம் போட ஆள் கிடையாது. அந்த மூச்சுதான் தாளம்.

ஆகவே குழந்தைக்கு வாத்தியம் வாங்கித் தர நினைக்கும் புண்ணியவான்களுக்கு வரலாறு சொல்லும் புத்திமதி இதுதான். ஒரு ரெக்கார்டர் வாங்காதீர்கள். நாலு வாங்குங்கள். அக்கம்பக்கத்திலிருந்து இன்னும் மூன்று பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்து, ஒரே ஒரு ஸ்வரத்தை நால்வரும் ரீங்காரம் இல்லாமல் பிடிக்கும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். சங்கீதம் வருகிறதோ இல்லையோ, புகார் சொல்ல வேண்டிய பக்கத்து வீட்டுக்காரரின் பிள்ளையும் உள்ளே உட்கார்ந்திருக்கும்.